பழைய பேட்டரி யார் கைக்குப் போகிறது?

மேஜைக்கடியில் இருக்கும் யூபிஎஸ் தொடங்கி ஏடிஎம், லிஃப்ட், செல்போன் கோபுரம் வரை சீல்டு பேட்டரி இல்லாத இடம் இல்லை. ஆயுள் முடிந்ததும் அதை எடைக்குப் போடுவதுதான் வழக்கம். அந்த எடைக்கு யார், எவ்வளவு, ஏன் கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஊர்களின் உடல்நலமே அடங்கியிருக்கிறது.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது தியாரோய்-சுர்-மேர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் இந்த ஊரின் ஒரே குடியிருப்பில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். மூளையையும் நரம்புகளையும் தாக்கி, வெகு வேகமாக முற்றிய நோய். என்ன நோய் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

விசாரித்துக்கொண்டே போனதில், பழைய கார் பேட்டரிகளில் வந்து நின்றது விஷயம். பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, மீன் வலைக்குக் குண்டு வார்ப்பது அந்த ஊர்க் கொல்லர்களின் பிழைப்பு. ஆண்டுக்கணக்கில் உடைத்ததில் ஈயத் துணுக்கும் தூளும் மண்ணோடு கலந்து கிடந்தன. ஈயத்தின் விலை ஏறியதும் அந்த மண்ணுக்கே மவுசு வந்துவிட்டது. வியாபாரிகள் மண்ணை விலைக்குக் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் மண்ணைத் தோண்டி, சல்லடையில் சலித்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்தார்கள். பிள்ளைகள் அங்கேயே விளையாடினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள், அங்கேயே தூங்கினார்கள்.

இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தவர்கள், தாய்மார்கள், அக்கம்பக்கத்தினர் என 81 பேரை மருத்துவ ஆய்வுக் குழு பரிசோதித்தது. ஒருவர் விடாமல் 81 பேர் உடலிலும் ஈய நஞ்சு இருந்தது. பரிசோதிக்கப்பட்ட 50 குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக 129.5 மைக்ரோகிராம் ஈயம். ஒரு குழந்தைக்கு 613.9. இன்று உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள வழிகாட்டுதலின்படி, 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து அகற்ற வேண்டும்.

மண்ணின் நிலை இன்னும் மோசம். வெளியே சில இடங்களில் ஒரு கிலோ மண்ணில் 302 கிராம் வரை ஈயம் இருந்தது. வீட்டுக்குள் 14 கிராம் வரை. குழந்தைகள் விளையாடும் மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அபாயம் என்பது அப்போதைய அமெரிக்க அளவுகோல்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஊரில் யாரும் பேட்டரியைக் குப்பையில் வீசவில்லை. ஒரு துண்டு ஈயத்தைக்கூட வீணாக்கவில்லை. தியாரோயில் நடந்ததும் மறுசுழற்சிதான்.

சீல்டு பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-ல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஈயத் தகடுகள், அவற்றின் மேல் அப்பிய ஈயப் பசை, நடுவே கந்தக அமிலம். ஒரு அறைக்கு 2 வோல்ட் கணக்கில் ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட். உலகம் பயன்படுத்தும் ஈயத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த பேட்டரிகளுக்கே போகிறது.

கம்ப்யூட்டருக்கான சின்ன யூபிஎஸ்ஸைத் திறந்தால் கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். நீளம் 15 செ.மீ., அகலம் 6.5 செ.மீ. அளவுதான். கையில் எடுத்தால் இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றும். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த எடையில் ஒரு கிலோவுக்கும் அதிகமாக ஈயம். தண்ணீர் ஊற்றும் மூடி கிடையாது. அமிலம் திரவமாகத் தளும்பாது. மெல்லிய கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் அல்லது ஜெல்லாக உறைந்திருக்கும். உள்ளே வாயு அதிகமானால் மட்டும் திறந்து மூடும் சிறு வால்வு ஒன்று மூடிக்கடியில் மறைந்திருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் பெரிய டியூபுலர் பேட்டரி பெரும்பாலும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வகை. பைக், அவசர விளக்கு, சிசிடிவி, லிஃப்ட், மருத்துவமனைக் கருவிகள் போன்றவற்றில் இருப்பவை சீல்டு வகை.

தண்ணீர் ஊற்றும் மூடியே இல்லை, ஆசிட் கொட்டுவதில்லை என்பதால் இது ஆபத்தில்லாத பேட்டரி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும்வரை அது சரி. உடைத்தால், மற்ற பேட்டரியில் இருக்கும் அதே ஈயமும் அதே அமிலமும்தான் வெளியே வருகின்றன. ஈயத்தூள் ஒட்டி, அமிலம் ஊறிய அந்தக் கண்ணாடிப் பாய்க்கு எடை போடும் இடத்தில் விலை இல்லை. சட்டவிரோதமாக உடைக்கும் இடங்களில் அது பின்பக்கம் குவிகிறது.

வெப்பமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். 25 டிகிரி செல்சியஸ் அறையில் ஐந்தாண்டு உழைக்க வேண்டிய சீல்டு பேட்டரி, அதைவிட 10 டிகிரி கூடுதலான இடத்தில் ஏறக்குறைய பாதி ஆயுளில் படுத்துவிடும். காற்றோட்டமில்லாத படிக்கட்டு அடியிலும் மொட்டைமாடி அறையிலும் யூபிஎஸ் வைக்கும் தமிழ்நாட்டில் பேட்டரி ஏன் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இதுதான். அடிக்கடி மாற்றினால் அடிக்கடி கழிவு.

ஈயம் உடம்புக்குள் போனால்

ஈயத்துக்கு மனித உடலில் எந்த வேலையும் இல்லை. ஆனால் உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேமித்துவைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் சில வாரங்களில் குறையத் தொடங்கும். எலும்புக்குப் போனது பத்தாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கும். ஒரு பெண் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயம், அவள் கருவுற்று எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது கூடவே கரைந்து, வயிற்றில் இருக்கும் குழந்தையைச் சென்றடைகிறது.

ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. தரையில் தவழ்வது, கையை வாயில் வைப்பது என்று தூசியோடு அவர்களுக்கு இருக்கும் நெருக்கம் வேறு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். ரத்தசோகை சாதாரணமாகிவிட்ட நாட்டில் இது கூடுதல் அபாயம்.

தியாரோயில் நடந்ததுபோல் வலிப்பும் மரணமும் வருவது மிக அதிக அளவில்தான். குறைந்த அளவு ஈயம் சத்தமே இல்லாமல் வேலை செய்கிறது. குழந்தை படிப்பில் பின்தங்கும், கவனம் சிதறும், காரணமில்லாமல் எரிச்சல்படும். வீட்டில் அதைப் பிடிவாதம் என்பார்கள், பள்ளியில் மக்கு என்பார்கள். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவுமே கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. 2021-ல் மட்டும் உலகில் 15 லட்சத்துக்கும் அதிகமான மரணங்களுக்கு ஈயம் காரணமாக இருந்தது என்று அது மதிப்பிடுகிறது.

இந்தியாவுக்கு இது புதிய செய்தி அல்ல. 1990-களின் இறுதியில் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் ஜார்ஜ் அறக்கட்டளை நடத்திய ஆய்வில், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு அதிகமாக ஈயம் இருந்தது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய பெங்களூரு மருத்துவ விஞ்ஞானி துப்பில் வெங்கடேஷ், அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் ஈயத்துக்கு எதிராகப் பேசிவந்தார். அப்போது முதல் குற்றவாளி ஈயம் கலந்த பெட்ரோல். 2000-ல் அது நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பெட்ரோல் போனாலும் ஈயம் போகவில்லை. யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 80 கோடிக் குழந்தைகள் வரை 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயத்தைச் சுமக்கிறார்கள். அவர்களில் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். முறைகேடாக நடக்கும் பேட்டரி மறுசுழற்சி அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று என்கிறது அந்த அறிக்கை.

ஒழுங்கான ஆலையில் நடப்பது

ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் அதன் குணம் குறையாது. பழைய பேட்டரியிலிருந்து எடுத்த ஈயத்தில் புது பேட்டரி செய்யலாம், அது பழசானதும் மறுபடி எடுக்கலாம். சுரங்கத்திலிருந்து புதிதாகத் தோண்டுவதைவிட மின்சாரமும் எரிபொருளும் மிச்சம். முறையாகச் செய்தால், வேறெந்தப் பொருளும் பொறாமைப்படும் அளவுக்கு நேர்த்தியான மறுசுழற்சி இது.

முறையான ஆலைக்கு பேட்டரி முழுசாக வர வேண்டும். வழியில் ஆசிட்டை வடித்திருக்கக் கூடாது. மூடிய இயந்திரத்துக்குள் அது நொறுக்கப்படுகிறது. தண்ணீர்த் தொட்டியில் ஈயம் அடியில் தங்கும், பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் மேலே மிதக்கும். சிறிய சீல்டு பேட்டரிகளின் கூடு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கனமான பிளாஸ்டிக். அது மிதக்காது, தனியாகப் பிரிக்க வேண்டும். அமிலம் சுண்ணாம்பு அல்லது சோடா சாம்பல் சேர்த்து நடுநிலையாக்கப்படுகிறது.

அடுத்தது உலை. தகட்டில் இருக்கும் ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். தகட்டின் மேல் இருக்கும் பசைதான் பிரச்சினை. அது ஈயச் சல்பேட்டும் ஈய ஆக்சைடும் கலந்தது. பேட்டரியில் உள்ள ஈயத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான் இருக்கிறது. அதை உலோகமாக்க நிலக்கரியும் சோடா சாம்பலும் இரும்புத் தூளும் சேர்த்து 1,000 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஈயப்புகை கிளம்பும். அதைப் பிடிக்க உறிஞ்சிகளும், வரிசையாகத் துணிப்பை வடிகட்டிகளும், அதன்பின் நீர்த்தூவிக் கழுவும் கோபுரமும் வேண்டும். அடியில் தங்கும் கசடிலும் ஈயம் உண்டு. அதை அபாயக் கழிவுகளுக்கென்றே அமைந்த நிலக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் கொடுத்தால் மட்டும் போதாது. ஆலைக்குள் போட்ட உடையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. குளித்து, உடை மாற்றி, செருப்பு மாற்றித்தான் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அவர் சட்டை மடிப்பில் ஒட்டிய தூசியே வீட்டில் கைக்குழந்தைக்குப் போய்ச் சேரும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அளவு கூடினால் அந்தத் தொழிலாளியை ஈயம் இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் செலவு இருக்கிறது. கதையின் முடிச்சு அங்கேதான்.

கூடுதல் நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது?

ஊருக்கு வெளியே, தகரம் அடித்த கொட்டகையில் நடக்கும் பட்டறைக்கு மேற்சொன்ன எந்தச் செலவும் கிடையாது. கோடரியோ சுத்தியலோ போதும். ஆசிட்டை மண்ணில் கொட்டிவிடலாம். கரி போட்டு ஊதும் உலையை இரவில் மூட்டினால் புகை யார் கண்ணுக்கும் தெரியாது. தகட்டு ஈயம் கிடைக்கும். பசையில் இருக்கும் ஈயத்தில் கணிசமானது சாம்பலோடும் புகையோடும் போகும். அவ்வளவையும் மண்ணுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிட்ட பிறகும் லாபம்தான். ஏனென்றால் சுத்திகரிப்பு, வடிகட்டி, கசடு அகற்றுதல், ரத்தப் பரிசோதனை ஆகிய நான்கு செலவும் அங்கே பூஜ்யம்.

அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத்தான் பட்டறைக்காரர் விலையாக ஏற்றிக் கொடுக்கிறார். பதிவுபெற்ற ஆலையின் முகவர் ஒரு விலை சொல்ல, இன்னொருவர் அதைவிட நூறு ரூபாய் கூட்டிச் சொன்னால், அவர் வியாபாரத்தில் கெட்டிக்காரர் என்று பொருளல்ல. அந்த நூறு ரூபாயைப் பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் கொடுக்கின்றன. அவர்களிடம் யாரும் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

பழைய பேட்டரி வணிகத்தில் ஆசிட் வடித்த பேட்டரி, வடிக்காத பேட்டரி என்று இரண்டு தினுசு உண்டு. ஆசிட்டுக்கு விலை இல்லை, ஈயத்துக்குத்தான் விலை. ஆகவே எடை போடுவதற்கு முன்பே ஆசிட்டை வடித்துவிடும் பழக்கம் வந்தது. வடித்த ஆசிட்டில் ஈயமும் கரைந்திருக்கிறது. அது கடையின் பின்பக்கச் சாக்கடையில் இறங்கும்போதே நஞ்சின் பயணம் தொடங்கிவிடுகிறது, உலைவரை காத்திருப்பதில்லை.

பழைய இரும்புக்கடைக்காரரை இதில் வில்லனாக்குவது நியாயமல்ல. தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் இந்திய நகரங்களில் மறுசுழற்சி என்ற சொல்லுக்கே இடமில்லை. ஈயத்தூசியை முதலில் சுவாசிப்பதும் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். கடைக்காரர் பேட்டரியை உடைக்காமல், ஆசிட்டை வடிக்காமல், பதிவுபெற்ற ஆலைக்கே கைமாற்றும்படி விலையும் ஏற்பாடும் இருந்தால் அவரே இந்தச் சங்கிலியின் பலமான கண்ணி ஆகிவிடுவார்.

மொம்பாசாவில் ஒரு தாய்

கென்யாவின் துறைமுக நகரம் மொம்பாசா. அங்கே ஒவினோ உஹுரு என்ற ஏழைக் குடியிருப்பை ஒட்டி, பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் உருக்கும் ஆலை ஒன்று நடந்துவந்தது. 2009-ல் அந்த ஆலையில் மக்கள் தொடர்புப் பணிக்குச் சேர்ந்தவர் ஃபிலிஸ் ஒமிடோ. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் வேலையும் அவரிடம் வந்தது. அவருடைய கைக்குழந்தைக்கு உடல்நிலை மோசமானது. பரிசோதித்தால், ரத்தத்தில் ஈயம். தாய்ப்பால் வழியாகச் சென்றிருந்தது.

வேலையை விட்டுவிட்டு ஒமிடோ ஊராரைத் திரட்டினார். மற்றக் குழந்தைகளின் ரத்தத்தையும் பரிசோதிக்க வைத்தார். ஆர்ப்பாட்டம், கைது, வழக்கு, மிரட்டல் எல்லாம் வந்தன. 2014-ல் ஆலை மூடப்பட்டது. 2015-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2020 ஜூலையில் மொம்பாசாவின் சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அரசு அமைப்புகளும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் 2023-ல் அந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் கென்ய உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மீண்டும் உறுதிசெய்தது.

ஆலை மூடப்பட்டதற்கும் அந்த இறுதித் தீர்ப்புக்கும் நடுவே பத்தாண்டுகள். அப்போது தவழ்ந்த குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

இவையெல்லாம் ஏழை நாடுகளின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வெர்னான் நகரில் 1920-களிலிருந்து இயங்கிய ஈய உருக்காலை 2015-ல்தான் மூடப்பட்டது. முழுமையான அனுமதி இல்லாமலே, தற்காலிக அனுமதியின் பேரில் பல பத்தாண்டுகள் அது ஓடியது. சுற்றிலும் 1.7 மைல் தொலைவுக்கு, சுமார் 10,000 மனைகளின் மண் சந்தேகத்துக்குள்ளானது. வீட்டு முற்றங்களில் மண்ணை வெட்டியெடுத்துப் புது மண் நிரப்பும் வேலை அரசுப் பணத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆலைக்கு ஒரு காகிதம் இருப்பதும், அந்தக் காகிதத்தில் இருப்பதை யாராவது போய்ப் பார்ப்பதும் வேறு வேறு என்பதை வெர்னானைச் சுற்றியுள்ள மக்கள் தங்கள் தோட்டங்களை இழந்து தெரிந்துகொண்டார்கள்.

இந்தியச் சட்டம் சொல்வது

ஈய-அமில பேட்டரிகளுக்கென்று இந்தியாவில் 2001-லேயே தனி விதிகள் வந்தன. புது பேட்டரி விற்கும் கடைக்காரர் பழசைத் திரும்பப் பெற வேண்டும், அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே அனுப்ப வேண்டும், மொத்தமாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஏலம் விட்டாலும் பதிவுபெற்றவர்களுக்கே விட வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில் ஏலம் என்று வந்துவிட்டால் அதிக விலை கேட்பவர் பக்கமே கை சாயும். அதிக விலை எங்கிருந்து வரும் என்பதை மேலே பார்த்தாயிற்று.

2022 ஆகஸ்டில் அந்த விதிகளின் இடத்தில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பொறுப்பு இப்போது முதன்மையாக பேட்டரியைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் தலையில். சந்தைக்கு அனுப்பியதில் இத்தனை பங்கைத் திரட்டி மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு ஆண்டு இலக்கு உண்டு. மறுசுழற்சியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் தரும் சான்றிதழ்களை வைத்துத் தயாரிப்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும். எல்லாம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவாக வேண்டும். பேட்டரியைக் குழிதோண்டிப் புதைப்பதும் எரிப்பதும் தடை. இலக்கைத் தவறவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும்.

பேட்டரியைப் பயன்படுத்துபவருக்கும் இந்த விதிகளில் கடமை இருக்கிறது. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. சேகரிப்பு, மறுசுழற்சி வேலையில் முறையாக ஈடுபட்டிருப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும். பேட்டரியின் மேல், குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படமும் ஈயத்தின் வேதிக் குறியீடும் அச்சிட்டிருப்பது அதற்காகத்தான்.

விதிகள் அனுமதிக்கும் இன்னொரு வழி, முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை. புது பேட்டரி வாங்கும்போது ஒரு தொகை கூடுதலாகக் கட்ட வேண்டும். பழசைக் கொண்டுவந்து கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படியான சட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே பழைய பேட்டரி ஏறக்குறைய முழுவதும் முறையான வழியில் திரும்பிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டுக் கடைகளில் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் விலையைக் கழிப்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே வித்தியாசம், கடைக்குத் திரும்பிய பேட்டரி அங்கிருந்து எங்கே போகிறது என்று வாங்கியவர் கேட்பதில்லை.

வீட்டிலும் அலுவலகத்திலும்

யூபிஎஸ் விடாமல் கீச்சிடுகிறது அல்லது மின்சாரம் போன ஒரு நிமிடத்தில் படுத்துவிடுகிறது என்றால் பேட்டரி முடிந்தது. அதன்பின் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

செத்த பேட்டரியிலும் மின்சாரம் மிச்சமிருக்கும். சாவியோ கம்பியோ இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கம்பி பழுத்துச் சிவக்கும். அதனால் கழற்றியவுடன் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட வேண்டும். நிமிர்த்தியே வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பிலோ தட்டிலோ வைத்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது நல்லது. சமையலறையும் பரணும் அதற்கான இடங்கள் அல்ல.

பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை கூடாது. மூடியை நெம்பித் தண்ணீர் ஊற்றி உயிர்ப்பிக்கும் வித்தைகளும் கூடாது. கசிந்திருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கசிவின் மேல் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டினால் தூசி பறக்கும். ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணாக இருந்தால் அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடவே கூடாது. வண்டிக்குள் அழுத்தும்போது பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம். பிடிக்காவிட்டாலும் ஆசிட்டும் ஈயமும் துப்புரவுத் தொழிலாளர் கைக்கும் குப்பைமேட்டுக்கும் போகும்.

சரியான இடம் எது? புது பேட்டரி வாங்கும் கடை முதல் இடம். பழசைக் கொடுத்துவிட்டு விலைக்கழிவு பெறுவதோடு, பழையது பெற்றுக்கொள்ளப்பட்டதாக பில்லில் குறித்துத் தரச் சொல்லலாம். யாரிடம் போகிறது, அவர் பதிவுபெற்றவரா என்று கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதிலை விநியோகஸ்தரிடம் கேட்டு வைத்திருப்பார்.

தனி வீட்டைவிடக் கூட்டாகச் செய்பவர்களுக்குப் பலம் அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், அவசர விளக்கு, கேமரா என்று ஆண்டுக்குப் பல பேட்டரிகள் கழிகின்றன. பள்ளி, கல்லூரிக் கணினி அறைகளில் டஜன் கணக்கில். வங்கிகளிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் டன் கணக்கில். இவர்கள் பழைய பேட்டரி எடுக்க ஆள் கூப்பிடும்போது விலைப்புள்ளியோடு பதிவுச் சான்றையும் கேட்க வேண்டும். சான்று இல்லாதவரின் விலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கணக்கில் எடுக்கக் கூடாது. உடைக்காமல், வடிக்காமல் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

அரசு செய்ய வேண்டியது

தொழிலாளர்களுக்கான சட்டப்படி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஈய நஞ்சும் ஒன்று. அந்தக் கடமை ஆலைக்குள் வேலை செய்பவர்களோடு நின்றுவிடுகிறது. ஆலைக்கு வெளியே குடியிருக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் ஏறினால் அதைப் பதிவு செய்ய வழக்கமான ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆகவே பிரச்சினை இருப்பதே தெரிவதில்லை. தியாரோயிலும் ஒவினோ உஹுருவிலும் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. தியாரோயில் அதற்குள் 18 உயிர் போயிருந்தது.

2022 விதிகளின் கீழ் எத்தனை டன் பேட்டரி திரும்ப வந்தது என்ற கணக்கு வருகிறது. அதனால் யார் உடம்பில் ஈயம் குறைந்தது என்ற கணக்கும் அதன் பக்கத்தில் வர வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம்கூட வேண்டாம். விரல் நுனியில் எடுக்கும் ஓரிரு துளி ரத்தத்தை வைத்து, மூன்று நிமிடத்தில் முடிவு சொல்லும் கையடக்கக் கருவி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஈய உருக்காலைகளும் பழைய பேட்டரிக் கடைகளும் செறிந்த பகுதிகளில் உள்ள அங்கன்வாடிகளிலிருந்து இந்தப் பரிசோதனையைத் தொடங்கலாம். அங்கே குழந்தைகளின் எடையும் உயரமும் ஏற்கெனவே மாதந்தோறும் பதிவாகின்றன. ரத்த ஈயத்தின் அளவுக்கு அதே பதிவேட்டில் ஆண்டுக்கு ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்.